பதினான்கு நிமிடம்

செப்டம்பர் 8, திங்கள்

வாடிக்கையாளரின் பெயரை எங்கும் சொல்லவோ எழுதவோ கூடாது என்று நான்கு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டைரியும் அந்த ‘எங்கும்’ என்பதில் அடங்கும் என்றே நினைக்கிறேன். ஆகவே ராக்கெட் எஞ்சின் செய்கிறவர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எரிபொருளைத் தள்ளும் பம்புக்கு உள்ளங்கை அளவில் ஓர் இம்பெல்லர் வேண்டுமாம். இதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கினார்கள். ஆர்டர் போட்டால் வந்து சேரப் பதினாறு மாதம் ஆகிறது.

கோயம்புத்தூரில் இம்பெல்லர் தெரியாதவர்கள் குறைவு. கிணற்று மோட்டாருக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் அது. எங்கள் பவுண்டரியில் நாளொன்றுக்கு நானூறு வார்க்கிறோம். ஆனால் இவர்கள் கேட்பது நிக்கல் கலந்த உலோகத்தில். இலைகளுக்கு நடுவே தீக்குச்சி மட்டுமே நுழையக்கூடிய வளைந்த வழிகளோடு. வார்த்துப் பார்த்தோம். பத்தில் எட்டு தேறவில்லை. அந்த எட்டையும் ஒதுக்கியவள் நான்தான். இப்போது அதை முப்பரிமாண அச்சு மெஷினில் அச்சடிக்கலாம் என்கிறார் கௌரிசங்கர்.

கௌரிசங்கர் எங்கள் எம்.டி. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தில் இன்றும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

“அக்கா, ஆறு மாசமா அந்த மெஷின் சாம்பிள் போட்டுட்டே நிக்குதுங்க. இப்பத்தான் நெசமான வேலை வந்திருக்கு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லோணும்.”

“பாகம் வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்.”

“இதுக்குத்தான் ஷாப் ஃப்ளோர்ல உங்களை ரிஜெக்ட் மேடம்ங்கறாங்க.”

அது எனக்குத் தெரியாததல்ல.

வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்றுச் சிலிண்டரும் காலி என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை முழுவதும் அச்சு அறையில். மாவு போன்ற உலோகப் பவுடரை ஒரு தட்டின் மேல் மெல்லியதாகப் பரப்புகிறது மெஷின். லேசர் வந்து வேண்டிய இடத்தை மட்டும் உருக்குகிறது. மறுபடி பவுடர், மறுபடி லேசர். ஒரு லேயரின் கனம் தலைமுடியில் பாதி. இந்த இம்பெல்லருக்கு இரண்டாயிரத்து எண்ணூறு லேயர். நாற்பது மணி நேரம்.

மெஷினை ஓட்டுகிறவர் ஜெகதீஸ்வரன். முப்பத்தைந்து வயது. முன்பு கடைசல் பிரிவில் இருந்தார். அங்கே அவர் செய்த பாகங்களை நான் திருப்பி அனுப்பியது ஒன்றோ இரண்டோதான். அவர் அதை ஐந்து என்று சொல்லித் திரிகிறார்.

வார்ப்பில் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மணலில் ஈரமா, உலோகம் சூடு குறைந்து போயிற்றா என்று உடைத்துப் பார்த்தால் சொல்லிவிடுவேன். இதில் பிழை எங்கே வரும் என்று தெரியாது. மெஷின் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றுமில்லை. தெரியாத ஒன்றின் மேல் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 17, புதன்

இம்பெல்லர் வளரும் அதே தட்டில், அதே உயரத்துக்கு, விரல் கனத்தில் ஆறு தண்டுகளும் வளர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் ‘பார்’ என்பது அதைத்தான். இம்பெல்லருக்கு என்ன நேர்ந்தாலும் பாருக்கும் நேரும். பாகத்தை உடைக்க முடியாது. பாரை இழுத்து உடைத்துப் பார்க்கலாம்.

“மூணு போதாதுங்களா மேடம்? பொண்ணு ஒருத்தி, தோழி ஆறு பேருங்களா?” என்றார் ஜெகதீஸ்வரன்.

“ஆறு.”

“சரிங்க. பந்தல் தாங்குமான்னு பாத்துக்கறேன்.”

செப்டம்பர் 26, வெள்ளி

வாடிக்கையாளரின் கெடு தெரிந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனியின் விலைப்புள்ளி அக்டோபர் 17 வரைதான் செல்லும். அதற்குள் எங்கள் இம்பெல்லர் தேறினால் அவர்களுக்கு வேண்டிய முப்பத்தாறும் எங்களுக்கு. இல்லாவிட்டால் அவர்கள் பழையபடி அங்கேயே ஆர்டர் போடுவார்கள். அடுத்த வாய்ப்பு ஐந்து வருடம் கழித்து. அச்சடித்த பிறகு ஐதராபாத்தில் ஒரு வேலை, பிறகு இங்கே கடைசல், சோதனை. கணக்குப் போட்டால் திங்கட்கிழமை தொடங்கியே ஆக வேண்டும்.

“மேடம், செவ்வாக்கெழம பூஜைங்க” என்றார் ஜெகதீஸ்வரன்.

ஆயுத பூஜை புதன்கிழமை. அன்று விடுமுறை என்பதால் கம்பெனியில் முந்தின நாளே நடத்திவிடுவார்கள்.

“நாற்பது மணி நேரம். செவ்வாய் ராத்திரியோடு முடிஞ்சிடும். பூஜை மனுஷங்களுக்கு. மெஷினுக்கு நாள் கிழமை கிடையாது.”

அவர் ஏதோ சொல்ல வந்து, சரிங்க என்று போய்விட்டார். தொடக்கத் தாளில் கையெழுத்திட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

காலை 8.40க்குத் தொடங்கியது. முதல் லேயரைப் பார்க்க நான் போகவில்லை. மூன்றாவது லேயரின்போது வேறு வேலையாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பூஜை. இருபத்துமூன்று வருடத்தில் ஒருமுறையும் போனதில்லை. வேண்டுமென்று அல்ல. லேபில் உட்கார்ந்து பாக்கி ரிப்போர்ட்டுகளை முடிக்க வருடத்தில் கிடைக்கும் ஒரே அமைதியான முற்பகல் அதுதான். பவுண்டரி, கடைசல், கம்ப்ரஸர் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். பதினோரு மணிக்கு மணியோசை கேட்டது.

மயிலாத்தாள் வழக்கம்போலப் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வார்ப்புகளின் பிசிறு தட்டும் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறவர். பூஜைக்கு வேண்டியதெல்லாம் அவர் பொறுப்பு.

“வெளிய வந்தா சாமி புடிச்சுக்குமுங்களா மேடம்?”

“ரிப்போர்ட் இருக்குதுங்கக்கா.”

“ரிப்போர்ட்டுக்கும் ஒரு பொட்டு வெச்சுட்டுப் போகட்டுங்களா?”

சிரித்துவிட்டுப் போனார். சுண்டலில் தேங்காய் தாராளம்.

அக்டோபர் 1, புதன்

வீடு கழுவினேன். என் வீட்டுக்காரர் சிதம்பரம் தன் ஸ்கூட்டருக்குச் சந்தனம் வைத்து, கண்ணாடிக்கு மாலை சுற்றி, கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மனிதர் செய்யத் தகாத அளவுக்கு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“அம்மிணி, மெஷின் எப்படி இருக்குது?”

“எந்த மெஷின்?”

“காலைல ஆறு மணிக்கு வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பச்சை லைட் எரியுதான்னு கேட்டியே, அந்த மெஷின்.”

அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

திறந்தோம். பவுடரை உறிஞ்சி எடுக்க எடுக்க அது மேலே வந்தது. ஒன்பது இலைகள், வெளியே மூடிய சுவர், உள்ளே வளைந்த வழிகள். வாசல்படிபோலச் சற்றுச் சொரசொரப்பு. கையுறையோடு தொட்டுப் பார்த்தேன். வழியில் விளக்கைப் பிடித்தால் மறுமுனையில் வெளிச்சம் வந்தது. இருபத்துமூன்று வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை என்பது உண்மை. அதை அங்கே சொல்லவில்லை.

பிறகு திருப்பினேன். முக்கால்வாசி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, நூல் வைத்து அழுத்தினாற்போல ஒரு கோடு சுற்றிலும் ஓடியது. ஆறு பாரிலும் அதே உயரத்தில்.

ஜெகதீஸ்வரன் அதைப் பார்த்தார். நானும்.

அக்டோபர் 4, சனி

காலையில் நான்கு பக்க ரிப்போர்ட் எழுதினேன். பவுடரில் ஈரம் இருக்கலாம், பரப்பும் பலகை தடுக்கியிருக்கலாம், லேசரின் கண்ணாடியில் புகை படிந்திருக்கலாம். மெஷினை இத்தகைய வேலைக்கு நம்ப முடியாது என்று முடித்திருந்தேன். நல்ல ரிப்போர்ட். எழுதும்போது ஒருவித திருப்தி இருந்தது என்பதையும் குறித்து வைக்கிறேன்.

அனுப்புமுன் மெஷினின் ஓட்டப் பதிவைக் கேட்டு வாங்கினேன். லேயர் 1871. செப்டம்பர் 30, காலை 11.06க்கு நிறுத்தம். 11.20க்கு மறுதொடக்கம். கோளாறு எதுவும் இல்லை. யாரோ கையால் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டேன். அவர் தரையைப் பார்த்தார். கூடவே, கூப்பிடாமலே, மயிலாத்தாள் வந்து நின்றார்.

“அவனைக் கேக்காதீங்க மேடம். நாந்தான் நிறுத்தச் சொன்னனுங்க.”

“ஏனுங்கக்கா?”

“பூஜைங்களே. ஓடற மெஷினுக்குப் பொட்டு வெக்கறதில்லீங்க. எல்லா மெஷினும் நின்னுச்சு, இது மட்டும் ஓடிட்டிருந்தா எப்படிங்க? வருசத்துல ஒரு நா அதுக்கும் மூச்சு விடோணுமில்லீங்களா? கொஞ்ச நேரந்தானுங்க.”

“மேனுவல்ல நிறுத்திட்டுத் தொடரலாம்னு போட்டிருக்குதுங்க மேடம்” என்றார் ஜெகதீஸ்வரன். “கதவு தொறக்கல. உள்ள காத்து போகல. பொட்டு வெளிய கண்ணாடிலதான் வெச்சாங்க. ஆறப்போட்டா கோடு விழும்னு எனக்குத் தெரியலீங்க.”

“ரிஜிஸ்டர்ல ஏன் எழுதல?”

மயிலாத்தாள்தான் பதில் சொன்னார்.

“எழுதுனா நீங்க ரிஜெக்ட்டுனு போடுவீங்கன்னுதானுங்க.”

அக்டோபர் 5, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. மாவு அரைத்தேன். துணி துவைத்தேன். கொடி அறுந்தது, மறுபடி துவைத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன்.

பூஜை அன்று எல்லா மெஷினையும் நிறுத்துவார்கள் என்பது இங்கே அறுபது பேருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அமைதியில்தானே ஒவ்வொரு வருடமும் ரிப்போர்ட் எழுதுகிறேன்? அது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. ஜெகதீஸ்வரன் வெள்ளிக்கிழமையே சொன்னார். அவர் வாயை அடைத்தவள் நான். தொடக்கத் தாளில் இருப்பது என் கையெழுத்து. சனிக்கிழமை எழுதிய நான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

கௌரிசங்கரிடம் போய்ச் சொன்னேன். வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஐதராபாத்துல அந்தச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெச்சு எடுத்தா உள்ள இருக்கற சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் மூடிக்கும், இல்லீங்களா?”

“பெரும்பாலும் மூடிக்கும்.”

“வந்ததும் மேல கடைசல் போட்டா கோடு தெரியாது.”

“தெரியாது.”

“மறுபடி அடிக்க நாள் இருக்குதுங்களா?”

“அடிக்கலாம். பதினேழாம் தேதிக்குள்ள முடியாது.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “முப்பத்தாறு பீஸுங்க்கா. நம்மூர்ல இருந்து ஒரு ராக்கெட்டுக்குள்ள போகும்னு எங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன்.”

நான் நகராமல் நின்றேன். அப்படி நிற்பதும் ஒருவகையில் சொல்வதுதான் என்று அவருக்குத் தெரியும்.

“எழுதுங்க” என்றார்.

வாடிக்கையாளரின் படிவத்தில் ‘இடைநிறுத்தத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு சொல் எழுதும் அளவு இடம். ஆயுத பூஜை என்று எழுதினேன். கீழே தனித்தாளில்: தொடக்க நாளை முடிவு செய்தவர் ஆர். தமயந்தி, தரக் கட்டுப்பாடு. பூஜை பற்றி ஆபரேட்டர் அவருக்கு முன்கூட்டியே தெரிவித்தார்.

சாயங்காலம் ஜெகதீஸ்வரன் இம்பெல்லரையும் பார்களையும் பெட்டியில் வைத்து, தானே மடியில் வைத்துக்கொண்டு ஐதராபாத் ரயில் ஏறினார். கூரியர் வேண்டாம் என்றார்.

அக்டோபர் 8, புதன்

வாடிக்கையாளர் தரப்பில் இந்த வேலையைப் பார்க்கும் பொறியாளர் பத்மஜா கூப்பிட்டார். நெல்லூர்க்காரர், சென்னையில் படித்தவர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“மேடம், பதினாலு நிமிஷமா?”

“பதினாலு.”

“தட்டோட சூடு எவ்ளோ குறைஞ்சது?”

“முப்பத்தொரு டிகிரி. பதிவு இணைச்சிருக்கேன்.”

“பாத்தேன். ஒண்ணு கேக்கலாமா? நாங்க ஓட்டப் பதிவு கேக்கவே இல்லையே.”

“அடுத்த தடவை கேளுங்க.”

பதினைந்தாம் தேதி நேரில் வருவதாகச் சொன்னார். பார்கள் தாங்காவிட்டால் பதினேழு அன்று வெளிநாட்டு ஆர்டர் போய்விடும், அதில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். நான் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

தண்ணீர் வந்தது. எட்டு நாளுக்குப் பிறகு. எல்லாக் குடத்தையும் நிரப்பினேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஜெகதீஸ்வரன் திரும்பினார். அங்கே உலைக்கு வெளியே மூன்று நாள் உட்கார்ந்திருந்தாராம். “ஐசியூ வாசல்ல நிக்கறாப்பலயே இருந்துச்சுங்க. ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்து ஆறுதல் சொன்னாரு. என்னன்னு சொல்றது அவருகிட்ட?”

அக்டோபர் 15, புதன்

காலை பத்து மணிக்கு இழுத்தோம். பாரின் இரண்டு முனையையும் மெஷின் கவ்விக்கொண்டு மெல்ல மெல்ல இழுக்கும். எந்த எண்ணில் அறுகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்பதுதான் கேள்வி. 1240 மெகாபாஸ்கல் வரை தாங்கினால் தேர்ச்சி. கோடு இருந்த உயரத்தில் பேனாவால் குறி போட்டிருந்தேன்.

முதல் பார் 1338. குறிக்கு வெகு தூரத்தில் அறுந்தது. இரண்டாவது 1351, அதுவும் தள்ளியே. மூன்றாவது 1329. கௌரிசங்கர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“எங்க விதிப்படி மூணு போதும் மேடம்” என்றார் பத்மஜா. பேனாவை எடுத்துவிட்டார்.

நான்காவதைப் பூட்டினேன்.

“அக்கா” என்றார் கௌரிசங்கர்.

“ஆறு போட்டிருக்கோம். ஆறும் பாத்துடலாம்.”

நான்காவது 1262இல் அறுந்தது. சரியாகப் பேனாக் குறியின் மேல். வெட்டினாற்போலத் தட்டையான முகம். ஐந்தும் ஆறும் 1340க்கு மேல், தள்ளித்தான்.

விதிப்படி ஆறும் தேர்ச்சி. ஆனால் ஒன்று கோட்டில் அறுந்திருக்கிறது. கோடு பலவீனம்தான், எப்போதும் அல்ல, சில சமயம். அந்தச் சில சமயம் எப்போது என்று எனக்குத் தெரியாது.

“பறக்கறதுக்கு இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன். “நீங்க விதிப்படி ஏத்துக்கிட்டாலும்.”

கௌரிசங்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்மஜா உடைந்த நான்காவது பாரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மேடம், மெஷின் விக்கறவங்ககிட்ட ரெண்டு வருஷமா ஒரு கேள்வி கேட்டுட்டிருக்கோம். நடுவுல நின்னா எவ்ளோ பலம் போகும்? கரண்ட் போகும், உள்ள நிரப்பற ஆர்கான் கேஸ் தீரும், இதெல்லாம் நம்ம நாட்டுல நடக்கும். பதிலே வராது. மெஷினை வித்துடுவாங்க, இந்த நம்பரை மட்டும் தர மாட்டாங்க. அது அவங்க சொத்து.” பாரை மேசைமேல் வைத்தார். “நீங்க இப்ப அந்த நம்பரை வெச்சிருக்கீங்க.”

“ஒரு நிறுத்தம். ஆறு பார். அது நம்பர் இல்ல, ஆரம்பம்.”

“அந்த ஆரம்பம்கூட எங்ககிட்ட இல்லையே.”

வெளியே போய் அரைமணி நேரம் போனில் பேசினார். திரும்பி வந்து சொன்னார்: இம்பெல்லர் பறக்காது. ஆனால் சுழற்றிப் பார்க்கும் அறையில் அது உடையும் வரை சுழற்றுவார்கள். கோடு விழுந்ததே தாங்கினால், கோடு விழாதது பற்றிக் கவலையில்லை. முடிவு தெரியும் வரை வெளிநாட்டுக்காரர்களிடம் பத்து நாள் தவணை கேட்டு வாங்கிவிட்டார்கள்.

“உடைக்கறதுக்குன்னா கையெழுத்துப் போடுவீங்கல்ல?” என்றார்.

போட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல். சிதம்பரம் மைசூர்பாகு கிளறினார், கல்லாகிவிட்டது. உன் லேபில் கொடுத்து இழுத்துப் பார் என்றார். சுத்தியல் போதும் என்றேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். எதற்காக அவ்வளவு சிரித்தோம் என்று தெரியவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மதியம் மூன்று மணிக்கு பத்மஜா கூப்பிட்டார். சுழற்சியை நேரடியாகச் சொல்வதாக முன்பே சொல்லியிருந்தார். கௌரிசங்கர் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஷாப்பின் நடுவே ஒரு காலி டிரம்மின் மேல் வைத்தார். யாரும் அழைக்காமலே எல்லோரும் வந்துவிட்டார்கள். கம்ப்ரஸரை யாரோ நிறுத்தினார்கள்.

முழு வேகம்: நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று. தாங்கியது.

“பத்து சதவீதம் கூட்டறோம்.” தாங்கியது.

இருபது. அதைத் தாண்டினாலே போதும் என்பது விதி. தாங்கியது.

“முப்பது.” ஜெகதீஸ்வரன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

“முப்பத்தஞ்சு.”

பிறகு ஒரு நிமிடம் இரைச்சல் மட்டும் கேட்டது. தூரத்தில் யாரோ தெலுங்கில் ஏதோ சொன்னார்கள்.

“நிறுத்திட்டோம் மேடம்.”

“உடைஞ்சுதா?”

“இல்ல. முப்பத்தெட்டு போச்சு. எங்க மோட்டாரால அதுக்கு மேல முடியாது. உங்க இம்பெல்லர் அப்படியே இருக்கு.”

எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். மயிலாத்தாள் என் முழங்கையைத் தொட்டார்.

“என்னங்க மேடம் சொல்றாங்க?”

“உடையலீங்கக்கா. உடைக்கப் பாத்தாங்க. முடியல.”

“அப்பறம் ஏனுங்க எல்லாரும் எழவு வீட்டுல நிக்கறாப்பல நிக்கறீங்க?”

அதற்குப் பிறகு ஏற்பட்ட சத்தத்தை எழுதத் தேவையில்லை. கௌரிசங்கர் தன் அப்பாவுக்கு போன் செய்தார்; அவர் எடுத்ததும் போனை என்னிடம் கொடுத்தார். “சார், நாங்க செஞ்சது தாங்கிடுச்சுங்க” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். இத்தனை வருடத்தில் ‘அவங்க செஞ்சதை நான் பாத்தேன்’ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

லேபுக்கு வந்து பத்து நிமிடம் சும்மா நின்றேன். கொஞ்சம் தலைவலி. கண்ணிலும் ஏதோ தூசி.

நவம்பர் 3, திங்கள்

ஆர்டர் வந்தது. முப்பத்தாறு. வெளிநாட்டு விலைப்புள்ளியை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இனி அச்சு நாள் குறிக்கும் கூட்டத்தில் மயிலாத்தாளும் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இன்று முதல் கூட்டம். ஜெகதீஸ்வரன் எட்டாம் தேதி என்றார்.

“எட்டாந்தேதி ரெண்டாஞ் சனிங்க” என்றார் மயிலாத்தாள். “ஈ.பி.காரன் லைன் நிறுத்துவான். ஜெனரேட்டர் மாத்தறப்ப ஷாப்புல லைட்டு ஒருக்கா கண்ணடிக்கும். உங்க லேபுல பேட்டரி இருக்குது, உங்களுக்குத் தெரியாதுங்க மேடம்.”

தெரியாதுதான். பத்தாம் தேதி என்று மாற்றினோம்.

நவம்பர் 13, வியாழன்

இரண்டாவது இம்பெல்லரைத் திறந்தோம். திருப்பினேன். இன்னொரு முறை திருப்பினேன். கோடு இல்லை.

“பாஸுங்களா மேடம்?” என்றார் ஜெகதீஸ்வரன்.

“பார் இழுத்துட்டுச் சொல்றேன்.”

“நெனச்சனுங்க” என்றார்.

நவம்பர் 21, வெள்ளி. பெங்களூரு

பத்மஜாவின் ஏற்பாடு. நாடெங்கும் உலோகம் அச்சடிக்கிற கம்பெனிகளிலிருந்து எண்பது பேர். பெரும்பாலும் சிறு கம்பெனிகள். ஓசூர், ராஜ்கோட், புணே, ஜாம்ஷெட்பூர். பாதிப் பேர் எங்களுக்குப் போட்டி. அவர்கள் முன்னால் எங்கள் பிழையை நான் விளக்க வேண்டும். கௌரிசங்கரிடம் ஒப்புதல் கேட்டபோது, “நாம மறைச்சு வெச்சா அந்த வெளிநாட்டுக்காரனுக்கும் நமக்கும் என்னங்க்கா வித்தியாசம்” என்று மட்டும் சொன்னார்.

இருபது நிமிடம் பேசினேன். கட்டத்தில் எழுதிய இரண்டு சொல்லைத் திரையில் காட்டியபோது அறை சிரித்தது. யார் நாள் குறித்தது, யார் சொல்லியும் கேட்கவில்லை என்ற அடுத்த பக்கத்தைக் காட்டியபோது சிரிப்பு நின்றது. பிறகு ஆறு எண்களையும் போட்டேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எண்பது பேனா ஒரே சமயத்தில் ஓடுவதை முதல்முறை கேட்டேன். கேள்வி நேரத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேநீருக்கு வரிசையில் நின்றபோது ஒருவர் வந்து பின்னால் நின்றார். என் வயதிருக்கும். ஜாம்ஷெட்பூரில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கம்பெனி என்று ஆங்கிலத்தில் சொன்னார். கோப்பையை எடுத்துக்கொண்டு ஓரமாக வந்தோம். சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“எங்களுக்கு அது விஸ்வகர்மா பூஜை” என்றார். “செப்டம்பர் பதினேழு.”

“எவ்வளவு நேரம்?”

“நாற்பது நிமிடம். இனிப்பு கொடுத்து முடிக்க நேரமாகிவிட்டது.”

“கோடு?”

“இருக்கிறது.”

“சொன்னீர்களா?”

இல்லை என்று தலையை அசைத்தார். “பாகத்தை இரண்டு மாதமாக அலமாரியில் வைத்திருக்கிறேன். அனுப்பவும் மனம் வரவில்லை, சொல்லவும் தைரியம் வரவில்லை.”

எங்கள் இருவரின் தேநீரும் ஆறிவிட்டது.

“தட்டில் பார் வைத்தீர்களா?”

“நான்கு.”

என் கார்டை எடுத்து, பின்பக்கம் லேபின் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

“உங்கள் வாடிக்கையாளருக்கு முதலில் எழுதிவிடுங்கள். பிறகு நான்கையும் எனக்கு அனுப்புங்கள். இழுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.”

அவர் கார்டைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் ஒருமுறை அழுத்திக்கொண்டார்.

நாற்பது நிமிடத்துக்கான எண் இன்று இந்த நாட்டில் யாரிடமும் இல்லை. இரண்டு வாரத்தில் எங்களிடம் இருக்கும்.